நட்பு நாட்டுக்கு எதிரான இரண்டாம் தாள்

1

ஒக்ரோபர் கடைசிக் கிழமை. ஊரில் உங்களுக்கு மாரி மழை தொடங்கியிருக்கும். இங்கே மொன்றியலில், மழையா பனியா என்று தனக்கே தெரியாத ஏதோ ஒன்று நேற்றுக் காலையிலிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றபோதுதான் நினைவு வந்தது. சரியாக ஒரு வருடம். போன வருடம், 2006இல், இதே கிழமையில் இரண்டு அதிகாரிகள் என் வீட்டுக் கதிரையில் வந்திருந்து, கனடாவின் நட்பு நாடொன்றுக்கு எதிரான போருக்கு நான் ஆள் சேர்க்கிறேனா என்று கேட்டார்கள்.

ஆள் சேர்ப்பவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பெயர் லோறன்ஸ். வயது ஐம்பத்துநான்கு. இடது முழங்காலில் வாதம். ஊர் மன்னார். அங்கே பதினாறு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். நீதவானின் சிங்களத்தையும் சட்டத்தரணியின் ஆங்கிலத்தையும் கூண்டில் நிற்கிறவனின் தமிழாக்கிக் கொடுத்தவன். இங்கே பதின்மூன்று வருடமாக, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் தொழிற்சாலையில் மடிக்கிறான். வீட்டில் இருக்கும் ஒரே மகளை ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குச் சேர்க்கவே வக்கில்லாதவன். இவன் ஆள் சேர்த்து நட்பு நாட்டைக் கவிழ்க்கப் போகிறானாம்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை.

2

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள். ஊரில் சவக்காலைக்குப் போய், புல்லுச் செருக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்துவோம். இங்கே எங்களுக்குச் சவக்காலை இல்லை. எங்கள் ஆட்கள் கிடக்கும் இடம் வேறு. பலருக்குக் கிடக்கும் இடமே தெரியாது. அதனால் மொன்றியலில் உள்ள மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதித் தரும். அதையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னேரப் பூசையில் ஒவ்வொரு பெயராக வாசித்து, பெயருக்கொரு மெழுகுதிரி ஏற்றுவோம். பிரெஞ்சுக்காரப் பங்கொன்று அந்த நேரத்துக்குத் தன் கோயிலை எங்களுக்குத் தரும்.

பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. நீதிமன்றத்தில் நின்றவன் என்றால் தாள் வேலை அவன் தலையில்தான் விழும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. வழக்குப் பட்டியல் போலக் கோடு போட்டு ஆறு நிரல் வைத்திருந்தேன்: இலக்கம், பெயர், வயது, ஊர், நாள், மொன்றியலில் தொடர்பு. பூசை செய்யும் கிழவர் கியூபெக்காரர். அவரும் கூடவே பார்த்து மன்றாட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சடிப்பேன். அடியில், பழைய பழக்கத்தில், 'தயாரித்தவர்' என்று என் பெயரையும் போன் நம்பரையும் போட்டுக் கையெழுத்து வைப்பேன். அப்படி வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பட்டியலில் இரண்டு தாள். முதலாம் தாளில் வயதாகியும் வருத்தம் வந்தும் போனவர்கள். அதன் தலையில் 'மரித்த விசுவாசிகள்' என்று பெரிதாகத் தலைப்பு இருக்கும். இரண்டாம் தாளில் பிரச்சினையில் போனவர்கள். போன வருடம் முப்பத்தொரு பேர். ஷெல்லில் போனவர்கள், கடலில் சுடப்பட்டவர்கள், கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள், இயக்கத்தில் நின்று செத்தவர்கள். இயக்கத்தில் செத்த பிள்ளைகளில் சிலரை, பெற்றவர்கள் கல்லறையில் பொறித்தபடியே 'கப்டன்' 'லெப்டினன்ட்' என்று எழுதித் தருவார்கள். தந்தபடியே நான் அடிப்பேன். திருத்துவது என் வேலையில்லை.

இரண்டாம் தாளுக்குத் தலைப்பு இல்லை. தேவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சவக்காலைக்குள் நின்றுகொண்டு இது சவக்காலை என்று யாரும் பலகை எழுதி வைப்பதில்லையே. 'நாள்' என்ற நிரலில் திகதியும் மாதமும் மட்டும்தான் இருக்கும், ஆண்டுத் திவசத்துக்கு அதுதானே வேண்டும். செத்த வருடத்தை அந்தக் குடும்பங்களில் யாரும் மறந்ததில்லை.

வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பிரதி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. கார்ட்டியர்வில்லில் எங்கள் பகுதியில் எல்லாரும் அதில்தான் குடிவரவுப் பத்திரங்களைப் பிரதி எடுப்பார்கள். போன வருடம் நானும் போய் இரண்டு தாளையும் பிரதி எடுத்தேன். சுடச்சுடப் பிரதிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இரண்டாம் தாளின் மூலம் கண்ணாடியின் மேலேயே கிடந்துவிட்டது. பதினாறு வருடம் வழக்குப் பத்திரங்களைத் தூக்கித் திரிந்தவன் விட்ட பிழை அது. அதை யார் கண்டெடுத்தார், யார் கையில் கொடுத்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கண்டெடுத்தவரில் எனக்குக் கோபமும் இல்லை. முன்னும் பின்னும் தெரியாமல் அதைப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும்.

3

சனிக்கிழமை காலை. என் மனைவி மேரி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் இருவர். நரைத்த மீசைக்காரர் ஒருவர், குறிப்பெடுக்கும் கொப்பியோடு ஒரு இளம் பெண். 'பொன்ஜூர்' சொல்லி அட்டையைக் காட்டினார்கள். சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு வந்து மரியாதையாகத்தான் இருந்தார்கள். மேரி மீன் வெடுக்குக்கு யன்னலைத் திறந்துவிட்டாள். குளிரிலும் எனக்கு வேர்த்தது.

என் ஆங்கிலம் நீதிமன்ற ஆங்கிலம். மீசைக்காரரின் ஆங்கிலம் பிரெஞ்சில் தோய்த்தெடுத்தது. இரண்டும் ஒட்டாத இடங்களில் என் மகள் சுஜி பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சுஸி. எங்களோடு கதைக்கிற தமிழ், கடைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான்.

அவர் தாளை மேசையில் வைத்தார். என் தாள். என் கையெழுத்து.

"இதைத் தயாரித்தது நீங்களா?"

"ஆம்."

"இதில் இராணுவப் பதவிகள் இருக்கின்றன. எல்லாரும் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயது. ஒவ்வொருவருக்கும் மொன்றியலில் தொடர்பு எண் இருக்கிறது. ஒரு திகதியும் இருக்கிறது." விரலால் நிரலைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் திகதிகளில்தான் இவர்கள் புறப்படுகிறார்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னது இந்த இடத்தில்தான். நானே அந்தத் தாளை முதன்முதலாக வேறொருவர் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. பழைய நீதிமன்றத்தில் இதைச் சான்றுப் பொருளாக வைத்திருந்தால் நானே எதிரிக் கூண்டில் நிற்பவனுக்குப் பிணை கிடைக்காது என்று சொல்லியிருப்பேன்.

"அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள் ஐயா."

"எங்கே?"

"அந்த இடம் நல்ல இடமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருடமும் மன்றாடுகிறோம். இவர்கள் செத்தவர்கள்."

பெண் எழுதுவதை நிறுத்தினாள். மீசைக்காரர் என்னை நம்பவில்லை. செத்தவர்களுக்கு எதற்குத் தொலைபேசி எண் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூசை நேரம் மாறினால் வீட்டுக்காரருக்கு அறிவிக்க என்றேன். கோயில்காரர் கடைசி நேரத்தில் எங்களைப் பின்தள்ளுவது வழக்கம் என்று அதையும் விளக்கினேன். அவர் முதலாம் தாளைக் கேட்டார், கொடுத்தேன். தலைப்பைப் பார்த்தார். தொண்ணூற்றொரு வயது மரியம்மாவைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் இரண்டாம் தாளை விடவில்லை. ஒன்பதாம் இலக்கத்தில் விரலை வைத்தார்.

"இவர் ஐம்பது வயது. பயிற்சி கொடுப்பவரா?"

"பள்ளிக்கூட வாத்தியார். இயக்கம் சுட்டது."

"இயக்கம் சுட்டவரும் இயக்கத்துக்காரரும் ஒரே பட்டியலிலா?"

"ஒரே பூசையில்."

அவர் பதினேழாம் இலக்கத்துக்கு வந்தார். குரல் மாறியது. "இது பதினான்கு வயது. பெண் பெயர். சிறுமியையும் சேர்த்திருக்கிறீர்களா? இதற்கு உங்கள் வீட்டு எண்தானே போட்டிருக்கிறது?"

இதைச் சுஜிதான் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, அவர் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார். அவள் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றாள்.

"அப்பா, இது ஆர்? செலின்? ஏன் எங்கட நம்பர்?"

"உன்ர பெரியப்பான்ர மகள். உனக்கு அக்கா."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

சொல்லவில்லைதான். அது நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சின்னப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது என்று விட்டோம். பிறகு அவளுக்குத் தமிழ் குறைந்தது, எங்களுக்குத் துணிவு குறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு பஸ் பார்த்து நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது என்று அன்றுதான், இரண்டு அதிகாரிகளுக்கு முன்னால், அவளுக்குச் சொன்னேன்.

அவள் அவர்கள் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினாள். மெதுவாகவும் இல்லை, மரியாதையாகவும் இல்லை. எனக்கு விளங்கியது இரண்டு சொல்தான்: 'ஒபுஸ்' என்றால் ஷெல், 'ஒத்தொபுஸ்' என்றால் பஸ். மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு 'தெசொலே' என்றார். மன்னியுங்கள் என்று அர்த்தம்.

போகும்போது வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார். இயக்கம் இந்த வருடம் தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. அது தவிர, கனடாவில் இருந்துகொண்டு நட்பு நாடொன்றுக்கு எதிரான போருக்கு ஆள் சேர்ப்பதைக் குற்றமாக்கும் பழைய சட்டம் ஒன்றும் உண்டு. உங்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பதவிப் பெயர்களைப் பொது இடத்தில் வாசிப்பது புத்தியல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் குறிப்பாக யோசிக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, முப்பத்தொரு குடும்பத்தின் போன் நம்பரும் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

4

அந்தப் பழைய சட்டத்தைச் சுஜியிடம் தேடச் சொன்னேன். கணினியில் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்தாள். எனக்கு அது தெரிந்த முகம்தான். பிரித்தானியர் ஆண்ட இடமெல்லாம் இதன் சகோதரங்களை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நட்பு நாட்டோடு போர் செய்யும் படையில் சேராதே, சேர்ப்பதற்கு ஆள் பிடிக்காதே, சேரவென்று நாட்டை விட்டு வெளிக்கிடாதே, அந்தப் போருக்குக் கப்பல் கட்டிக் கொடுக்காதே. கப்பலுக்கென்று அதில் எவ்வளவு வரிகள்! பாய்மரக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை.

சட்டம் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டு முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கல்லெறியாதே என்று வீட்டுக்காரன் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எறிகிறவன் எறிந்துவிட்டுப் போவான், சண்டை வீட்டுக்காரனுக்கு வரும். நான் கல்லெறியவில்லை. எங்கள் பட்டியலில் இருந்து ஒருவர்கூட இந்த முற்றத்தில் நின்று எறிந்தவரில்லை.

என்னைக் கொதிக்க வைத்தது 'நட்பு நாடு' என்ற இரண்டு சொல். எது நட்பு நாடு என்று சட்டத்தில் தேடிப் பார்த்தேன். நான் தேடிய மட்டில் விளக்கம் காணவில்லை. என் அண்ணன் மகள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஷெல் அடித்தது அந்த நட்பு நாடு. நண்பன் என்றால் நண்பனின் காதைப் பிடித்து, அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தாய் என்று கேட்க வேண்டாமா? அவனைக் கேட்காமல், பிள்ளையின் பெயரை எழுதி வைத்த சித்தப்பனின் வீட்டுக்கு வந்து, இவளை எந்தத் திகதியில் அனுப்புகிறாய் என்று கேட்டால் அது என்ன நட்பு?

"அப்பா, நீங்கள் சும்மா தலைப்பை ஒண்டு போட்டிருந்தா இவ்வளவும் வந்திராது," என்றாள் சுஜி.

"ஓம். அது என்ர பிழை."

"பிறகேன் கத்திறீங்கள்?"

"பிழை விட்டவன் கத்தக்கூடாது எண்டு எந்தச் சட்டத்தில இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. செலினின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். மேரி அலுமாரியைத் திறந்தாள்.

5

அடுத்த கிழமை, கோயில் நிலவறை மண்டபத்தில் எங்கள் சபைக் கூட்டம். தலைவர் பெனடிக்ற் அண்ணை நல்ல மனிதர். அவருடைய மகன் விமான நிலையத்தில் வேலை செய்கிறான். பாதுகாப்பு அட்டை இல்லாவிட்டால் அவன் வேலைக்குள் நுழைய முடியாது. அண்ணையின் பயம் எனக்கு விளங்கும்.

"லோறன்ஸ், இந்த முறை ரெண்டாம் தாள் வேண்டாம். 'எங்கட மண்ணில மரிச்ச எல்லாருக்காகவும்' எண்டு ஒரு வசனத்தில முடிப்பம். ஆண்டவருக்குப் பேர் தெரியும்தானே?"

"ஆண்டவருக்குத் தெரியும் அண்ணை. வாசிக்கிறது ஆண்டவருக்கோ?"

நான் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்தினேன். நாலு வருடத்துக்கு முன், சமாதான காலத்தில், இயக்கத்துக்காக இங்கே ஓடித் திரிந்த ஒருவர் இதே மண்டபத்தில் எழும்பி, ஒன்பதாம் இலக்கத்தில் இருக்கும் வாத்தியாரின் பெயரை எடுக்கச் சொன்னார். துரோகியின் பெயர் எங்கள் பிள்ளைகளின் பெயரோடு இருக்கக்கூடாது என்றார். மாட்டேன் என்றேன். என் காரின் இரண்டு சில்லுக்குக் காற்றுப் போனதுதான் மிச்சம். பெயர் போகவில்லை.

"அண்டைக்கு அவைக்கு மாட்டன் எண்டனான். இண்டைக்கு இவைக்கு ஓம் எண்டு சொன்னா, அந்த வாத்தியாரின்ர மனுசியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"அது வேற காலம்."

"கேள்வி ஒண்டுதான் அண்ணை. ஆரைச் செத்தவன் எண்டு சொல்லலாம், ஆரைச் சொல்லக்கூடாது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

கியூபெக் கிழவர் மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னார்கள். என் கோயிலில் பெயர் வாசிப்பது குற்றமென்றால் முதலில் என்னை வந்து கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு மிச்சக் கோப்பியைக் குடித்தார். இரண்டாம் தாள் தப்பியது.

வென்றுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன். வந்து மேலங்கியைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மொன்றியல்-நோரில் இருக்கும் றீற்றா அக்கா. பேசாலைக்காரி, அறுபத்திரண்டு வயது, பெட்டி அடைக்கும் வேலை. இருபத்திரண்டாம் இலக்கம் அவருடைய மகன்.

"தம்பி லோறன்ஸ், எனக்கும் போன் எடுத்தவை. ஒரு தமிழ்ப் பிள்ளையை வச்சுக் கதைச்சவை. உங்கட மகன் அன்ரன் எப்ப கனடாவை விட்டு வெளிக்கிட்டவர் எண்டு கேட்டது அந்தப் பிள்ளை. என்ர பெடியன் கனடாவை உலகப் படத்திலகூட வடிவாப் பாத்திருக்கமாட்டான் மோனை எண்டன்."

"பேந்து?"

"குடியுரிமைக்குக் குடுத்திருக்கிறியளோ எண்டு கேட்டவை. ஓம் எண்டன். சரி எண்டு வச்சிட்டினம். பேரை எடுத்துவிடு தம்பி."

அவருக்கு டிசம்பரில் குடியுரிமைப் பரீட்சை. அது கிடைத்தால்தான் பாஸ்போட். பாஸ்போட் கிடைத்தால்தான் இந்தியாவுக்கு விசா. அகதிப் பத்திரத்தில் இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஒரே மகள் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறாள். பதினொரு வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை.

"செத்தவன் கோவிக்கமாட்டான். உயிரோட இருக்கிறவள் அங்க நிக்கிறாள். அவளின்ர ரெண்டு பிள்ளையளையும் நான் படத்திலதான் கண்டது."

சபைக் கூட்டத்தில் நின்று பேசின என் வீராப்பு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெயரை எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கென்ன உரிமை? என் மகள் அடுத்த அறையில் இருக்கிறாள்.

"சரி அக்கா. இருபத்தொண்டு வாசிச்சு, இருபத்திமூண்டுக்குப் போறன்."

"கோயிலுக்கு நான் வரமாட்டன் தம்பி. வந்தா அழுவன்," என்றார்.

6

ஞாயிறு பின்னேரம். வெளியே நாலரைக்கே இருட்டு. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடச் சனம். பயந்து வராமல் விடுவார்கள் என்று நினைத்தேன், வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கடைசி வாங்கில் கறுப்பு மேலங்கியோடு ஒரு வெள்ளைக்காரர் தனியே இருந்தார். அந்த அதிகாரிகள் அனுப்பிய ஆளோ, அல்லது குளிருக்கு ஒதுங்கிய யாரோ. இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாம் தாள் முடிந்தது. இரண்டாம் தாளை எடுத்தேன். கடைசி வாங்குக்கும் கேட்கப் பெரிய சத்தமாக வாசித்தேன். பதவியோடு தந்தவர்களைப் பதவியோடு வாசித்தேன். ஒன்பதில் வாத்தியாரின் மனைவி எழும்பி வந்து மெழுகுதிரி ஏற்றினார். பதினேழில் மேரி எழும்புவாள் என்று பார்த்தால், இரண்டு வருடமாகக் கோயில் வாசலை மிதிக்காத சுஜி எழும்பி வந்தாள். ஏற்றத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

இருபத்தொன்று வாசித்தேன். அடுத்த வரியை விரலால் மறைத்துக்கொண்டேன். இருபத்துமூன்று என்று வாயெடுக்கும்போது,

"பொறு தம்பி. ஒண்டு விட்டுட்டாய்."

நடு வாங்கில், கம்பளித் தொப்பியைக் கழற்றாமல், றீற்றா அக்கா. எப்போது வந்தார் என்று நான் காணவில்லை. எழும்பி, கைப்பைக்குள்ளிருந்து தன் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். என் கையில் இருந்த தாளைக் கேட்கவில்லை. அவருக்குத் தாள் தேவையில்லை.

"இருபத்திரெண்டு. கப்டன் அன்ரன் றெஜினோல்ட். வயசு இருபத்தொண்டு. ஊர் பேசாலை. நாள் மார்ச் ஒன்பது." பிறகு பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடைசி வாங்கில் இருந்தவரைப் பார்த்தார். "மொன்றியலில தொடர்பு, தாய். நான்தான்."

அடுத்ததாகத் தன் போன் நம்பரைச் சொன்னார். பிரெஞ்சில் சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் முதல் பாடமே சொந்தப் பெயர், விலாசம், போன் நம்பர். ஆறு மாதம் போயும் அவருக்குப் பிசகில்லாமல் வந்த பிரெஞ்சு அது ஒன்றுதான். சாங், அன், கத்ர், அதாவது ஐந்து, ஒன்று, நாலு என்று தொடங்கி, வாத்தியாருக்கு ஒப்புவிக்கிற பிள்ளை போல, ஒவ்வொரு இலக்கமாக, கடைசி இலக்கம் வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெழுகுதிரியை ஏற்றி வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தார். அழவில்லை.

எனக்குத்தான் கண் தெரியவில்லை. கடைசியில் பெனடிக்ற் அண்ணைதான் முதல் ஆளாக, உடைந்த குரலில், "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று தொடங்கினார். நான் இருபத்துமூன்றை வாசித்தேன்.

7

அதன் பிறகு அதிகாரிகள் யாரும் வரவில்லை. யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் றீற்றா அக்காவின் டிசம்பர் பரீட்சை பிற்போடப்பட்டது. 'உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று கடிதம் வந்திருக்கிறது, மூன்றிலும் ஒரே வசனம். அந்தக் கடிதங்களோடு என்னிடம்தான் வருவார். நான் பதில் எழுதுவேன், சுஜி அதைப் பிரெஞ்சாக்குவாள். மண்டபம் முகாமில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு இப்போது பல் விழுந்து முளைத்துவிட்டதாம். அன்றைக்கு எழும்பாமல் இருந்திருந்தால் இப்போது போய்ப் பார்த்திருப்பாரோ? நான் கேட்டதில்லை. எனக்கு அது உறுத்துகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த வருடம் மறுபடி ஊரில் போர். இரண்டாம் தாள் ஒரு தாளில் அடங்கவில்லை. போன் நம்பர் வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை உண்டு, வேண்டாம் என்றவர்களுக்கு என் நம்பரைப் போடுகிறேன் என்று அறிவித்தேன். பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் நம்பரையே போடச் சொன்னார்கள். யார் கையில் போனாலும் போகட்டும் என்றார்கள். பெனடிக்ற் அண்ணையும் தன் தம்பியின் பெயரை, முதல் தடவையாக, நம்பரோடு தந்தார்.

தலைப்பு விஷயத்தை றீற்றா அக்காவிடம் போன கிழமை கேட்டேன். மூன்று மொழியிலும் 'இறந்தவர்கள்' என்று மேலே போட்டுவிட்டால் ஒருவருக்கும் தொல்லை வராது என்று சுஜி சொல்வதாகச் சொன்னேன்.

"போடாத," என்றார். "வாசிக்கிறவன் ஆரெண்டு கேக்கட்டும். ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லையே தம்பி, என்ர பெடியன் ஆரெண்டு. அவை கேட்டவை, எப்ப வெளிக்கிட்டவன் எண்டு மட்டும்தான். இந்த முறை கேட்டா நான் இருந்து முழுக்கச் சொல்லுவன்."

நேற்று மருந்துக்கடைக்குப் போனேன். அதே இயந்திரம். பிரதிகளை எடுத்து, அடுக்கி, மேலங்கிக்குள் வைத்து மூடினேன். வேண்டாம் என்றவர்களின் வரிகளில் என் நம்பர் இருக்கிறதா என்று இன்னொரு முறை சரிபார்த்தேன். அடியில் என் கையெழுத்து இருந்தது. பின்னால் ஒரு பெண் தன் முறைக்குக் காத்து நின்றார். நான் விலகி இடம் விட்டேன். இரண்டாம் தாளின் மூலம் கண்ணாடியின் மேல் கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த முறை மறதியால் அல்ல.